கருப்பு இல்லாத அரக்கு

நான் எட்டாவது வரை படித்தவள். எழுதிப் பழக்கம் இல்லை. நெசவாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று டிசைன் அறையில் வேலை செய்யும் சுகந்தி வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, எட்டே கலர வெச்சிகினு எப்படிக்கா புடவ காட்டுனீங்க? அத எழுதுங்க" என்றாள்.

அவள் உட்காருகிற கம்ப்யூட்டரில் நிறத்துக்குக் கணக்கு கிடையாது. ஒரு சிவப்பு கேட்டால் திரை நிறையச் சிவப்பு வந்து நிற்கும். அதில் எதை எடுப்பது என்பதுதான் அவளுக்கு வேலை. எங்களுக்கு வேலை வேறு. இல்லாத நிறத்தைக் காட்ட வேண்டும்.

ஆரணியில் ஒரு பட்டு முதலாளியிடம் ஜக்கார்டு அட்டை குத்துகிற வேலையில் இருந்தேன். அட்டையில் துளை இருந்தால் நூல் மேலே எழும்பும். துளை இல்லாவிட்டால் கீழே கிடக்கும். புடவையில் வருகிற மயில், மாங்காய், யானை எல்லாமே இந்த இரண்டில் அடக்கம். அந்த வேலையை நன்றாகச் செய்தேன்.

முதலாளியின் மச்சான் சிங்கப்பூரிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட இருக்காது. ரப்பர் பொத்தான்கள். ஒயரைக் கலர் டிவியின் ஆன்டெனா துளையில் செருகினால் படம் டிவியில் வரும். புரோகிராம் கேசட்டில் இருக்கும். டேப் ரிக்கார்டரில் போட்டு ஓடவிட வேண்டும். வீட்டில் பிள்ளைகள் விளையாட வாங்குகிற சாமான் அது. முதலாளிக்கு வேறு யோசனை. நெய்வதற்கு முன்னாலேயே புடவையை டிவியில் காட்டி ஆர்டர் பிடிக்க வேண்டும். ஊரில் வேறு எந்தக் கடையிலும் அது இல்லை.

அந்தப் பெட்டியை டிசைன் மாஸ்டர் தரணேந்திரனிடம் கொடுத்தார். அவரை எல்லோரும் நயினார் என்றுதான் கூப்பிடுவோம். நயினார் முதலாளியிடம் என்னை உதவிக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"எட்டுப் புள்ளி சேர்ந்தா ஒரு எண்ணாம். துளை இருந்தா ஒண்ணு, இல்லன்னா சைபர். உனக்குத் தெரிஞ்சதுதான். உக்காரு தனம்" என்றார்.

அவ்வளவுதான் எனக்கு நடந்த இன்டர்வியூ. காலையில் அவர் இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்துத் தமிழில் சொல்வார். நான் பொத்தானைத் தட்டுவேன். அவருக்கு இங்கிலீஷ் தெரியும். எனக்கு அட்டை தெரியும். ஒரு வருஷத்தில் எண்களாகவே புரோகிராம் எழுதும் அளவுக்கு வந்துவிட்டேன்.

நயினாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பிடுகிறவர். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே அறையைப் பூட்டிவிடுவார். எவ்வளவு அவசர வேலையானாலும் சரி. குரல் உயர்த்த மாட்டார். தப்பு என்றால் கையில் இருக்கிற பென்சிலைக் கீழே வைப்பார். சரி என்றால் "அடுத்தது" என்பார். நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. வேறு யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

அந்தப் பெட்டியில் இருந்த நிறங்கள் இவை: கருப்பு, நீலம், சிவப்பு, ஊதா, பச்சை, ஆகாய நீலம், மஞ்சள், வெள்ளை. அரக்கு கிடையாது. மாம்பழம், கிளிப்பச்சை, வெங்காயம் எதுவும் கிடையாது. இன்னொரு தொல்லையும் உண்டு. திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டமாகப் பிரிந்திருக்கும். ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் வைக்கலாம். மூன்றாவது வைத்தால் முதலில் வைத்தது அழிந்துவிடும்.

ஒரு புள்ளி சிவப்பு, பக்கத்துப் புள்ளி கருப்பு என்று மாற்றி மாற்றி வைத்தேன். கிட்டே பார்த்தால் புள்ளி. தள்ளி நின்றால் அரக்கு. மஞ்சளும் சிவப்பும் வைத்தால் மாம்பழம். மஞ்சளும் பச்சையும் வைத்தால் கிளிப்பச்சை. டிவி ஒயர் மட்டமானது. படத்தைக் கொஞ்சம் கலங்கலாகத்தான் காட்டும். அதுவும் நல்லதாகப் போயிற்று. புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துகொண்டன.

நயினார் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். வாடிக்கையாளர் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நின்று பார்க்க வேண்டும். கோடு அழிய அழியத் தினமும் அவரே போடுவார்.

களம்பூரில் ரைஸ் மில் வைத்திருக்கிற வீட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். மகளுக்குக் கல்யாணம். கோட்டில் நின்று டிவியில் அரக்கைப் பார்த்து அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். மகளுக்கும் சம்பந்தி வீட்டுப் பெண்களுக்கும் சேர்த்து ஒரு பாவு முழுக்க அவர்கள் ஆர்டர். பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடுகிற நூல். குறுக்கே ஓடுவது ஊடை.

வழக்கமாகச் சாயக்காரருக்கு மாதிரி நூல் கொடுத்தனுப்புவோம். இந்த முறை மாதிரி கிடையாது. அந்த அம்மா பார்த்தது டிவியை. அதனால் சாயக்காரர் துலுக்காணத்தையும் டிவியைப் பார்க்கச் சொன்னார் முதலாளி. திங்கட்கிழமையிலிருந்து அந்த வாரம் முழுக்க நானும் நயினாரும் சரக்குப் பார்க்க வெளியூர் போயிருந்தோம். கணக்குப்பிள்ளைதான் பெட்டியைப் போட்டுக் காட்டினார். துலுக்காணம் வந்தார், கோட்டில் நின்றார், பார்த்தார், போனார். சாயம் போட்ட பாவு நேராகச் சேவூருக்குப் போனது. அங்கே நெசவாளி முருகேசன் அதைத் தறியில் பிணைத்துவிட்டார். ஆர்டர் என்ன நிறம் என்று நெசவாளிக்குச் சொல்கிற வழக்கம் கிடையாது. வந்த பாவை நெய்வார்.

அடுத்த திங்கட்கிழமை நயினார் தறியைப் பார்க்கச் சேவூர் போனார். போன பஸ்ஸிலேயே திரும்பி வந்தார். கையில் ஒரு பிடி நூல். தக்காளிச் சிவப்பு.

முதலாளி துலுக்காணத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னாய்யா, அரக்கு கேட்டா தக்காளி அரைச்சி ஊத்திகிற?"

துலுக்காணம் அசையவில்லை. "பொட்டியில இன்னா தெரிஞ்சிதோ அதான் போட்டேன் முதலாளி. அந்த நூலப் பக்கத்துல வெச்சிப் பாருங்க. ஒரு பொட்டு மாறி இருந்தா எம் பேர மாத்திக்கிறேன்."

நான் பெட்டியைப் போட்டேன். நூலைக் கண்ணாடிமேல் வைத்தார்கள். ஒட்டிக்கொண்டது. நூல் எது, திரை எது என்று தெரியவில்லை. என்னுடைய அரக்கு அங்கே தக்காளியாக எரிந்துகொண்டிருந்தது. அதை அப்படியே நூலில் இறக்கியிருந்தார் துலுக்காணம். அவர் கை அப்படிப்பட்டது.

நயினார் குனிந்து டிவியின் கலர் குமிழைப் பார்த்தார். கடைசி வரை திருகியிருந்தது. நிமிர்ந்து வாட்ச்மேன் எத்திராஜைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எத்திராஜும் அவன் கூட்டாளிகளும் அந்த டிவியில்தான் படம் பார்ப்பார்கள்.

"ஈரோயினி மூஞ்சி வெளுத்துப் போயிருந்திச்சி சார்" என்றான் எத்திராஜ். "ஒடம்பு சரியில்லாத மாதிரி. கொஞ்சூண்டு கலர் வெச்சேன்."

அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பிறகு பல வருஷம் சிரித்தோம்.

முதலாளி ஒரு சுற்று நடந்தார். "செரி, பேஜார் வாணாம். கருப்பு ஊடை போடச் சொல்லு. செவப்பு பாவு, கருப்பு ஊடை. அரக்கு வந்துடும். பொட்டியில தனம் பண்றதும் அதானே?"

உண்மைதான். நான் செய்ததும் அதுதான். டிவியில் செய்தால் யாருக்கும் ஒன்றுமில்லை. உடுத்துகிற துணியில் செய்ய முடியாது.

நயினார் பென்சிலைக் கீழே வைத்தார். "கல்யாணப் பொண்ணு மேல போடறது. கருப்பு கூடாது."

"யாருக்குய்யா தெரியப் போவுது?"

"அந்தம்மா கருப்பு இருக்குதான்னு கேட்டா நான் இல்லன்னு சொல்ல மாட்டேன்."

முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப பாவ அறுத்துத் தூக்கிப் போடு. இந்தப் பொட்டியும் வாணாம். எவன் கேக்கறானோ குடுத்துடு. தனம், நீ அட்டைக்கே போயிடு." வாசல் வரை போனவர் நின்றார். "வெள்ளிக்கெழம அந்தம்மா வருது. அதுக்குள்ள ஒரு வழி பண்ணீங்கன்னா பாக்கலாம்."

முருகேசன் தறி நின்றுவிட்டது. பாவை அறுத்தால் அவர் பிணைத்த வேலையும் போச்சு, பட்டும் போச்சு. என் நாற்காலியும் போச்சு. அட்டை வேலை கேவலமான வேலை இல்லை. ஆனால் நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டேன். விட மனசில்லை.

நயினார் முதலில் ஒன்று செய்தார். டிவியின் கலர் குமிழை அரக்கு நூலுக்குப் பொருந்தும் இடத்தில் திருப்பினார். பிறகு குமிழைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அதுதான் நடைமுறை. காலையில் டிவிமேல் ஆணியில் மாதிரி நூல்களைத் தொங்கவிடுவார். சிவப்பு, பச்சை, மஞ்சள். திரையில் அந்த நிறங்களைப் போடச் சொல்வார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலையும் திரையையும் பார்த்துக் குமிழைச் செருகித் திருப்புவார். பொருந்தியதும் குமிழ் பைக்குள் போய்விடும். சனிக்கிழமை ஆனால் எத்திராஜ் பின்னாலேயே வருவான். "சார், நாளைக்கி மட்டும் சார். படம் முடிஞ்சதும் கையில குடுத்துடறேன் சார்." நயினார் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அடுத்து அந்தத் தக்காளி நூலை ஒரு அட்டையில் சுற்றினார். குறுக்கே ஒவ்வொரு நிறமாகச் சுற்றிப் பார்த்தார். பச்சை போட்டால் மண் நிறம். ஊதா போட்டால் பளபளவென்று வேறெங்கோ போனது. அடர் நீலத்தில் மெல்லிய நூல் சுற்றினார். அரக்கு வந்தது. கொஞ்சம் திராட்சைச் சாயல். அட்டையைச் சாய்த்தால் சிவப்பு, நிமிர்த்தினால் நீலம், நேரே அரக்கு.

"நீலம்" என்றார். "ஆனா விரல் அகலத்தக் காட்டி ஒரு பாவு விக்க முடியாது. அந்தம்மா முழுப் புடவையா பாக்கணும். ஜரிகை புட்டாவோட. திரையில எங்கயும் கருப்பு இருக்கக் கூடாது. ஓரத்துல வர்ற சட்டம்கூட."

இங்கேதான் இடித்தது. ஒரு கட்டத்தில் இரண்டு நிறம். சிவப்பும் நீலமும் வைத்ததும் கட்டம் நிரம்பிவிட்டது. ஜரிகைக்கு மஞ்சள் வேண்டும். இடமில்லை. புட்டா, அதாவது சின்னப் பூ, வரும் கட்டமெல்லாம் புடவையின் தரை நிறம் மாறி, துணியில் ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

நயினார் புத்தகத்தை முதலிலிருந்து படித்துச் சொன்னார். டிவி படம் ஒரேயடியாக வருவதில்லையாம். மேலிருந்து கீழே கோடு கோடாக வரைந்துகொண்டே வருமாம். கண்ணுக்கு முழுசாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

"அப்போ அதுவும் ஊடை மாதிரிதானேங்க" என்றேன். "ஒண்ணு போனப்புறம் ஒண்ணு."

நயினார் புத்தகத்தை மூடினார்.

ஒரு கட்டத்துக்கு இரண்டு நிறம் என்பது ஒரு கோட்டை வரைகிற நேரத்துக்குத்தான். அந்தக் கோடு முடிந்து அடுத்த கோடு வருவதற்குள் நிறத்தை மாற்றிவிட்டால், அதே கட்டத்தில் அடுத்த கோட்டுக்கு வேறு இரண்டு நிறம் கிடைக்கும். தரை மட்டும் வருகிற கோட்டுக்குச் சிவப்பும் நீலமும். புட்டா வருகிற கோட்டுக்குச் சிவப்பும் மஞ்சளும். கட்டத்தை நேரத்தால் பிரிக்கிறோம்.

சொல்வது சுலபம். பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறந்திருக்கும்போதுதான் ஊடையைக் கொண்டுபோகிற நாடா ஓட வேண்டும். முன்னே பின்னே போனால் நூல் அறும். இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு கட்டளைக்கும் எவ்வளவு நேரம் ஆகும் என்று புத்தகத்தின் கடைசியில் இருந்தது. அதைக் கூட்டிக் கூட்டி வைக்க வேண்டும். சீக்கிரம் மாற்றினால் மேல் கோடு கெடும். தாமதமானால் கீழ்க் கோடு கெடும். ஒன்றும் செய்யாமல் இரு என்று ஒரு கட்டளை உண்டு. அதைத்தான் அதிகம் போட்டேன். காத்திருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அந்தப் புரோகிராமில் பாதி.

முதலில் படம் தளர்ந்த பாவு மாதிரி ஆடியது. புட்டாவில் பாதி வலதுபக்கம் ஓடிப் போனது. காத்திருப்பை ஓரிடத்தில் கூட்டினேன், ஓரிடத்தில் குறைத்தேன். வியாழக்கிழமை மதியம் நின்றது. ஆடாமல் நின்றது. ஆனால் திரையில் பாதி அகலத்துக்குத்தான் மாற்ற நேரம் போதியது. அதற்கு மேல் கோடு முந்திக்கொள்கிறது.

"பாதிதாங்க வருது" என்றேன்.

நயினார் பார்த்தார். "கடையில புடவைய விரிச்சா காட்றோம்? மடிச்சித்தானே காட்றோம்" என்றார்.

மடித்த புடவையாக வரைந்தேன். சரியாகப் பொருந்தியது.

இன்னும் ஒன்று பாக்கி. மூன்று கோடு சிவப்பு, ஒரு கோடு நீலம் என்று வைத்ததில் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தன. இரண்டு படம் செய்தேன். இரண்டாவது படத்தில் நீலக் கோடு கொஞ்சம் தள்ளி இருக்கும். இரண்டையும் கண் பிரித்தறிய முடியாத வேகத்தில் மாற்றி மாற்றிக் காட்டினேன். கோடு மறைந்தது. அரக்கு எழுந்தது. ஒரு பொத்தானைத் தட்டினால் மடிப்பின் ஒரு பக்கத்தில் நீலம் கூடும், மறு பக்கத்தில் சிவப்பு கூடும். புடவையை யாரோ சாய்த்துப் பிடிக்கிற மாதிரி. ஓரச் சட்டத்துக்கு மஞ்சள் வைத்தேன்.

நயினார் கோட்டில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு கண்ணை மூடிப் பார்த்தார். பென்சில் கையிலேயே இருந்தது.

"அடுத்தது" என்றார். அடுத்தது எதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை களம்பூர் அம்மா வந்தார்கள். பாவுக்குச் சாயம் மாறிவிட்டதை நயினார் முதலிலேயே சொல்லிவிட்டார். அவர்களுக்குக் கோபம். கேசட்டைப் போட்டேன். புரோகிராம் ஏறும்போது கீச்சென்று கத்தும்.

"இன்னாம்மா இது, பூனைய மிதிச்ச மாதிரி?"

"இப்ப வந்துடுங்க."

படம் வருகிற நேரம் கரண்ட் போனது. போனால் எல்லாம் அழிந்துவிடும். கரண்ட் வந்ததும் மறுபடி கேசட், மறுபடி பூனை.

"இதுக்குள்ள தறியிலயே ஒரு புடவ நெய்ஞ்சிடலாம் போல" என்றார்கள். முதலாளி என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

படம் வந்தது. பொத்தானைத் தட்டினேன். மடிப்பு நிறம் மாறியது. அவர்கள் தலையை இந்தப் பக்கம் சாய்த்தார்கள், அந்தப் பக்கம் சாய்த்தார்கள். பிறகு சாக்பீஸ் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்கள். இதுவரை யாரும் அப்படி வந்ததில்லை.

"அரக்குல கருப்பு கலந்துதான் பாத்திருக்கிறேன். இதுல கருப்பு இருக்குதா? எம் மாமியாருக்குத் தெரிஞ்சா பந்தல்லயே ஒக்காந்து அழும்."

"இல்லீங்க."

"நீ சொன்னா ஆச்சா?"

நான் இன்னொரு பொத்தானைத் தட்டி ஓட்டத்தை நிறுத்தினேன். நிறுத்திக் காட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. முதலாளி பதறிவிட்டார். அரக்கு போய்விட்டது. சிவப்புக் கோடு, நீலக் கோடு, மஞ்சள் புட்டா. அப்பட்டமாகத் தெரிந்தது எங்கள் தந்திரம்.

அந்த அம்மா கண்ணாடி வரைக்கும் முகத்தைக் கொண்டுபோனார்கள். விரல் வைத்துப் பார்த்தார்கள். "செவப்பு. நீலம். மஞ்சா."

"அவ்ளோதாங்க."

"அப்ப அரக்கு எங்க போச்சி?"

"கோட்டுக்கு அந்தாண்ட போய் நில்லுங்க. வரும்."

போய் நின்றார்கள். ஓட்டினேன். வந்தது.

"நெய்ஞ்சி எடுத்துகினு வாங்க. இதே மாதிரி இருந்தா வாங்கிக்கிறேன். மாறி இருந்தா நீங்களே கட்டிக்கோங்க" என்று முதலாளியைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று மாலையே நீல ஊடை சேவூருக்குப் போனது. முருகேசன் தறி ஓடியது. முதல் புடவை வந்த அன்று அந்த அம்மாவை வரவழைத்தோம். நயினார் குமிழைச் செருகி, நூலுக்குத் திரையைச் சரி பார்த்து, பையில் போட்டுக்கொண்டார். நான் படத்தைப் போட்டேன். புடவையைப் படத்தில் இருப்பது போலவே மடித்து டிவி பக்கத்தில் பிடித்தேன்.

அந்த அம்மா இரண்டையும் பார்த்தார்கள். புடவையை என் கையிலிருந்து வாங்கி வாசலுக்கு, வெயிலுக்குக் கொண்டுபோனார்கள். சாய்த்தார்கள். மடிப்பின் மேட்டில் சிவப்பு, பள்ளத்தில் நீலம், நடுவில் அரக்கு. அங்கிருந்தே திரும்பி டிவியைப் பார்த்தார்கள்.

"அத அணைச்சிடும்மா. புடவ வந்துடுச்சி" என்றார்கள்.

முதலாளி அன்றைக்குப் பெட்டியைக் கொடுத்துவிடுவது பற்றிப் பேசவில்லை. பிறகும் பேசவில்லை.

அதற்குப் பிறகு பெரிய கம்ப்யூட்டர் வந்தது. அட்டையே இல்லாத ஜக்கார்டு வந்தது. எல்லாவற்றிலும் உட்கார்ந்தேன். புதுசு வரும்போதெல்லாம் முதலில் என்னைத்தான் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறுகிற வரைக்கும் கல்யாணப் புடவைக்கு நிறம் சொல்லக் கருப்பைத் தொட்டதில்லை. சுகந்தி கேட்டதற்கு இதுதான் பதில். எட்டு நிறம் போதும். ஒன்றை விட்டுவிட்டு ஏழிலும் செய்யலாம். நான் செய்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். களம்பூர் அம்மா புடவையோடு போன பிறகு நயினார் அறையைப் பூட்டினார். வெயில் இன்னும் இருந்தது. சட்டைப் பையிலிருந்து குமிழை எடுத்து என் கையில் வைத்தார். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை வழக்கம் போல எத்திராஜ் அவர் பின்னால் ஓடினான். "சார், நாளைக்கி மட்டும் சார்."

முதல் தடவையாக நயினார் நின்று அவனுக்குப் பதில் சொன்னார். "என்னை ஏன்ப்பா கேக்கற? தனத்தக் கேளு."

எத்திராஜ் என்னிடம் வந்தான். "தனம்மா..."

நான் கொடுக்கவில்லை.